க்ளாகோமாவுக்கு ஆக்சிஜன் அறையா? போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

க்ளாகோமா (பார்வை நரம்பு மெல்லத் தேய்ந்து பார்வை குறையும் கண் நோய்) என்று தெரிந்த அன்றே டாக்டர் ஒன்றைச் சொல்லிவிடுவார்: போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்த மருந்தெல்லாம். கேட்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், எனக்கு முன்னால் அப்பாவுக்கும் சொன்னார்கள். அதனால் 'நரம்புக்கு மறுபடி உயிர் கொடுக்கிற சிகிச்சை ஒன்று வந்திருக்கிறது, ஊசி இல்லை, கத்தி இல்லை, ஓர் அறைக்குள் படுத்து ஆக்சிஜனைச் சுவாசித்தால் போதும்' என்று யாராவது சொன்னால் காது தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். என் பெரியம்மா மகனுக்கும் இதே நோய்தான் (குடும்பத்தில் ஓடுகிற நோய் இது). அண்ணன் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்ச நாள் தொடர்ந்து போனா ஃபீல்ட் நல்லாயிருமாம்டா, நீயும் வா, சேர்ந்தே போயிடலாம்" என்றார். (ஃபீல்ட் என்றால் பார்வைப் புலம், நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும் பரப்பு.) "அண்ணே, அவசரப்படாதீங்க, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். சொன்னேன்தான், ஆனால் போனில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, இதே கேள்வியை வேறு சிலரும் கேட்கிறார்கள், அதனால் இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை, ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன் தெரபி என்கிறார்களே, அது க்ளாகோமாவுக்குப் பலன் தரும் என்று நம்பும்படியான சான்று இன்றைக்கு இல்லை. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. 'பலன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெறும் ஆக்சிஜன்தானே, என்ன கெட்டுவிடப் போகிறது' என்று நினைக்கிறோம் பாருங்கள், கண் விஷயத்தில் அந்த நினைப்பு சரியில்லை. கண்ணுக்குள் ஆக்சிஜன் அளவு குறைவாக இருக்கும்படிதான் அந்த உறுப்பே அமைந்திருக்கிறது, அதைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே கசப்பான உதாரணங்கள் இருக்கின்றன.

முதலில் இந்தச் சிகிச்சை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின். ஆரோக்கியமாக இருப்பவருக்கு அது ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது, அதனால் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அதில் ஏற்ற இடமில்லை. ஆனால் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலும் கொஞ்சம் ஆக்சிஜன் நேரடியாகக் கரையும், அழுத்தம் கூடக் கூட இந்தக் கரைசலும் கூடும். சோடா பாட்டிலுக்குள் வாயுவை அழுத்தி அடைத்தால் தண்ணீரில் கரைந்து நிற்கிறதே, அதே விதி. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லி ரத்தத்தில் இப்படிக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெறும் 0.3 மில்லிதான். மூன்று வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது கிட்டத்தட்ட 6 மில்லி ஆகிவிடும். ஓய்வாக இருக்கும் உடம்புக்கு ஹீமோகுளோபினே இல்லாமல் போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க இது போதும். 1960 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் பூரெமா என்ற அறுவை மருத்துவர் பன்றிகளின் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டு, அழுத்த அறைக்குள் வைத்து உயிரோடு வைத்திருந்து காட்டினார். ஆக, இந்தச் சிகிச்சையின் அடிப்படை உண்மையானது, அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

எதற்கெல்லாம் இது உண்மையிலேயே பயன்படுகிறது என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வந்தவர்களுக்கு ரத்தத்தில் குமிழி உண்டாகும் நோய், கார்பன் மோனாக்சைடு விஷம், ஆறாத சில சர்க்கரை நோய்க் கால்புண்கள், கதிர்வீச்சு சிகிச்சையால் சேதமான திசு, திடீரென்று ஏற்படும் காது கேளாமையில் ஒரு வகை, இப்படிப் போகும். அந்தப் பட்டியலில் கண் சம்பந்தமாக ஒன்று இருக்கிறது: விழித்திரையின் மையத் தமனி திடீரென்று அடைத்துக்கொள்வது. வலியே இல்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டுபோகும், அதை 'கண்ணுக்கு வந்த பக்கவாதம்' என்றே சில டாக்டர்கள் சொல்கிறார்கள். அங்கே ஆக்சிஜன் கொடுப்பதற்கு நேரடியான காரணம் இருக்கிறது. விழித்திரையின் உள்பக்க அடுக்குகளுக்கு ரத்தம் கொடுக்கும் தமனி அடைத்துவிட்டது, ஆனால் பின்னாலிருக்கும் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ரத்தத்தில் ஆக்சிஜனை அளவுக்கு மேல் ஏற்றினால், அடைப்பு விலகும்வரை அது பின்னாலிருந்து ஊடுருவி முன்னடுக்குகளைக் காப்பாற்றலாம். இதுவும் சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய அவசரம்.

க்ளாகோமாவுக்கு ஆக்சிஜன் அறை என்று விற்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். 'பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைவதால் வருவது க்ளாகோமா, ரத்த ஓட்டம் குறைந்த இடத்துக்கு ஆக்சிஜன் கொடுத்தால் பிழைக்கும்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் க்ளாகோமாவில் சேதம் நடக்கும் விதம் அவ்வளவு எளிதாக இல்லை.

நம் விழித்திரையில் சுமார் 12 லட்சம் கேங்கிலியன் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழை கிளம்பி, எல்லா இழைகளும் கண்ணின் பின்பக்கம் ஒரே இடத்தில் சேர்ந்து, துளைகள் நிறைந்த ஒரு தட்டு வழியாக வெளியே போய்ப் பார்வை நரம்பாகின்றன. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் அந்தத் தட்டைப் பின்னால் தள்ளி வளைக்கும்போது துளைகள் நெளிகின்றன, இழைகள் நசுங்குகின்றன, செல்லுக்கும் மூளைக்கும் நடுவே இழை வழியாக ஓடிக்கொண்டிருக்கும் புரதங்களும் ஊட்டப் பொருள்களும் அந்த இடத்தில் முடங்கி நிற்கின்றன. அதோடு அங்கே ரத்த ஓட்டமும் தடுமாறுகிறது, சுற்றியிருக்கும் துணைச் செல்களும் அழற்சிக்குப் போகின்றன. இதெல்லாம் வருடக்கணக்கில், மெல்ல மெல்ல. கடைசியில் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. ரத்த ஓட்டம் இதில் ஒரு பங்காளி என்பதில் சந்தேகமில்லை, குறிப்பாகக் கண் அழுத்தம் 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே, அதாவது நார்மல் அளவில் இருந்தும் நரம்பு தேய்கிற 'நார்மல் டென்ஷன்' வகையில். ஆனால் ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் ஆக்சிஜனைக் கூட்டிவிட்டு, மீதி இருபத்திரண்டரை மணி நேரம் அதே தட்டு அதே அழுத்தத்தில் வளைந்துகொண்டிருந்தால் என்ன மாறும்? அறையை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே ரத்தத்தில் கரைந்த ஆக்சிஜன் பழைய அளவுக்கு இறங்கிவிடும்.

ஆக்சிஜன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். செல்கள் ஒரே நாளில் சாவதில்லை. சாவதற்கு முன்னால் வேலை செய்யாமல் முடங்கிக் கிடக்கும் ஒரு கட்டம் இருப்பதாக ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள், கண் அழுத்தத்தைக் குறைத்த பிறகு சிலருக்கு விழித்திரையின் மின்துடிப்பு மேம்படுவதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அப்படி முடங்கிய செல்களைத் தட்டி எழுப்ப முடியுமா என்பது நல்ல கேள்வி, வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்த நிக்கோட்டினமைடை வைத்து இப்போது பரிசோதனைகள் நடப்பதும் இந்த எண்ணத்தில்தான். ஆக்சிஜனையும் அந்த வரிசையில் சோதித்துப் பார்ப்பதில் தப்பே இல்லை. சோதிப்பதற்கு முன்னாலேயே விற்கிறார்களே, அதுதான் எனக்கு வேதனை.

சரி, யாருமே சோதிக்கவில்லையா? 1990-களின் தொடக்கத்தில் குரோவேஷியாவில் சில கண் மருத்துவர்கள் க்ளாகோமா நோயாளிகளை ஆக்சிஜன் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். பார்வைப் புலம் மேம்பட்டது, கண் அழுத்தம் மாறவில்லை என்று எழுதினார்கள். இன்றைக்கும் விளம்பரங்களில் 'ஆய்வுகள் நிரூபித்துள்ளன' என்று வந்தால் தோண்டிக்கொண்டே போனால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். முப்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது, அதை உறுதி செய்யும் பெரிய, சரியான ஒப்பீட்டுக் குழுவோடு கூடிய ஆய்வு வரவில்லை. ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது கண் அழுத்தம் கொஞ்சம் இறங்குவதாகக் காட்டிய சிறு ஆய்வுகளும் உண்டு, ஆனால் அது அந்த நேரத்துக்கு மட்டும்.

'பார்வைப் புலம் மேம்பட்டது' என்பதை ஏன் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது ஃபீல்ட் டெஸ்டுக்கு உட்கார்ந்தவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கண்ணை மூடிக் கட்டிவிட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி, அதை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஓரங்களில் எங்கேயோ ஒரு வெளிச்சப் பொட்டு வந்து போகும், தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். வழக்கமாகச் செய்யும் 24-2 என்ற முறையில் 54 இடங்களில் சோதிப்பார்கள். பாதி நேரம் மிக மங்கலான பொட்டுகள்தான் வரும், ஏனென்றால் எவ்வளவு மங்கல்வரை தெரிகிறது என்பதுதான் கேள்வி. கொஞ்ச நேரத்தில் 'வந்துதா, வரலையா, நானா கற்பனை பண்ணினேனா' என்ற நிலை வந்துவிடும். கண் காயும், கழுத்து இறுகும், மூச்சு விட்டால் லென்ஸில் ஆவி படியும், இமை கொஞ்சம் தொங்கினால் மேல்பக்கம் முழுதும் கறுப்பாக அச்சாகி வரும். முந்தின ராத்திரி தூக்கம் சரியில்லை என்றால் அது தாளில் தெரியும். இதைவிட முக்கியம், இரண்டாவது மூன்றாவது தடவையில் எல்லோருக்கும் ரிசல்ட் கொஞ்சம் நன்றாகத்தான் வரும், ஏனென்றால் டெஸ்ட் பழகிவிடுகிறது. அதுவும் சேதமான இடங்களில்தான் ஒரு டெஸ்டுக்கும் அடுத்த டெஸ்டுக்கும் எண்கள் அதிகமாக ஏறி இறங்கும். அதனால் சிகிச்சைக்கு முன் ஒரு டெஸ்ட், பின் ஒரு டெஸ்ட், 'பாருங்கள் எவ்வளவு முன்னேற்றம்' என்று இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அது எதையும் காட்டவில்லை. அதே இடைவெளியில், அதே அறைக்குள், ஆக்சிஜனுக்குப் பதில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு என்ன ஆனது என்ற மூன்றாவது தாள் வேண்டும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அண்ணனுக்கு இதைச் சொன்னபோதுதான் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆக்சிஜன் அறைக்குப் போய்வந்தவர்கள் பலர் 'எனக்குக் கண் தெளிவாகிவிட்டது, கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்' என்கிறார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அவர்களால் படிக்க முடிகிறது. காரணம் என்னவென்றால், தொடர்ந்து சில வாரங்கள் உயர் அழுத்த ஆக்சிஜன் எடுத்துக்கொண்டால் கண்ணின் லென்ஸில் மாற்றம் ஏற்பட்டுக் கிட்டப்பார்வை கூடும். இது இந்தச் சிகிச்சையில் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. நாற்பது ஐம்பது வயதைத் தாண்டி, கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி போடுகிறவருக்குக் கிட்டப்பார்வை கொஞ்சம் கூடினால் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியும். தூரப்பார்வைக் கோளாறு உள்ளவருக்குத் தூரத்தில் இருப்பதுகூடத் தெளிவாகலாம். அதைப் பார்த்து 'நரம்பு உயிர்த்துவிட்டது' என்று நம்புவது எவ்வளவு இயல்பு! நரம்பு அப்படியேதான் இருக்கும், லென்ஸ்தான் மாறியிருக்கும், சிகிச்சை நின்று சில வாரம், சில மாதத்தில் பெரும்பாலோருக்கு அது பழையபடி திரும்பிவிடும்.

லென்ஸ் என்றதும் கண்புரைக்கு வந்துவிட வேண்டும். 1984-இல் ஸ்வீடன் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், வேறு நோய்களுக்காக 150 முதல் 850 தடவைவரை ஆக்சிஜன் அறைக்குள் போனவர்களைப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் லென்ஸ் தெளிவாக இருந்த 15 பேரில் 7 பேருக்குச் சிகிச்சைக் காலத்திலேயே புரை உண்டானது. அது மிக நீண்ட சிகிச்சை, இருபது முப்பது தடவைக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் க்ளாகோமா வாழ்நாள் முழுதும் இருக்கும் நோய். 'பலன் குறையும்போது மறுபடி ஒரு சுற்று வாருங்கள்' என்று சொன்னால் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும்?

இதில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது வேறொன்று. கண்ணை நிரப்பியிருக்கும் ஜெல்லியை, விட்ரியஸ் என்பார்கள், விழித்திரை ஆபரேஷனின்போது எடுத்துவிடுவதுண்டு. எடுத்த பிறகு விழித்திரைப் பக்கமிருந்து ஆக்சிஜன் தடையில்லாமல் முன்பக்கம் வந்துசேர்கிறது. அந்தக் கண்களில் கண்புரை சீக்கிரமாக வருவது எல்லா டாக்டருக்கும் தெரியும். 2006-இல் ஸ்டான்லி சாங் என்ற அமெரிக்க விழித்திரை மருத்துவர் இன்னும் ஒரு படி போனார்: இப்படி ஆபரேஷன் ஆன கண்களில் பின்னாளில் க்ளாகோமாவும் அதிகம் வருகிறது, அதுவும் இயற்கை லென்ஸை எடுத்துவிட்டவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது என்றார். காரணமாக அவர் சந்தேகித்தது ஆக்சிஜனை. லென்ஸ் ஆக்சிஜனைச் செலவழித்துக் குறைத்துவிடும், அது இல்லாதபோது கூடுதல் ஆக்சிஜன் நேராகக் கண்ணின் வடிகாலான டிரபெக்குலர் மெஷ்வொர்க்கைத் தாக்குகிறது, அந்தச் செல்கள் ஆக்சிஜனால் சிதைந்து கெட்டுப்போனால் வடிகால் அடைத்து அழுத்தம் ஏறும். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை, விவாதம் இன்னும் ஓடுகிறது. ஆனால் பாருங்கள், கண்ணின் முன்பக்கத்தில் ஆக்சிஜன் கூடுவதே க்ளாகோமாவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, அதே நோய்க்கு ஆக்சிஜனை அழுத்தி ஏற்றுவதைத் தீங்கில்லாத முயற்சி என்று எப்படிச் சொல்வது?

இதற்கெல்லாம் முன்னால் 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் நடந்தது இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள், காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணத்தோடுதான். உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தன. அதிகப்படியான ஆக்சிஜனில் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் வளராமல் நின்று, பிறகு தாறுமாறாக வளர்ந்து விழித்திரையைப் பிய்த்துவிட்டன. முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றை நடத்தி, 1954 வாக்கில்தான் காரணம் ஆக்சிஜன் என்று உறுதியானது. அந்தக் குழந்தைகளின் கண்ணும் வளர்ந்தவர்களின் கண்ணும் ஒன்றல்ல, அந்த ஆபத்து நமக்கு அப்படியே வராது. ஆனாலும் 'வெறும் ஆக்சிஜன்தானே' என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தக் குழந்தைகள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

அறைக்குள் இருக்கும் மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காதில் அழுத்தம் சமன் ஆகாமல் செவிப்பறை வலிப்பதும், சில சமயம் கிழிவதும் அதிகம் நடப்பது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிக அதிகமானால் வலிப்பு வரலாம், அரிதுதான், ஆனால் வரும். தீ என்றால் அரிதிலும் அரிது, ஆனால் பிடித்தால் தப்ப வழியில்லை: 1997-இல் மிலானில் ஓர் ஆக்சிஜன் அறை எரிந்து 11 பேர் இறந்தார்கள், 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. உடம்புக்கு நல்லது என்று துணிப்பை மாதிரி ஊதி நிற்கும் மென் அறைகளை வீட்டுக்கே விற்கிறார்களே, அவற்றில் அழுத்தம் 1.3 வளிமண்டலம் அளவில்தான், மேலே சொன்ன எந்தக் கணக்கும் அதற்குப் பொருந்தாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013-லேயே, அனுமதிக்காத நோய்களுக்கு இந்தச் சிகிச்சையை விளம்பரம் செய்வதை நம்பாதீர்கள் என்று பொதுமக்களை எச்சரித்தது. அவர்கள் அனுமதித்த பட்டியலிலும் க்ளாகோமா இல்லை, கடலடி மற்றும் உயர் அழுத்த மருத்துவச் சங்கத்தின் பட்டியலிலும் இல்லை.

கண் நோயாளிகளுக்கென்றே இருக்கும் இரண்டைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறை நடத்துகிறவர்கள் கேட்க மறந்துவிடலாம். ஒன்று, விழித்திரை ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயுக்குமிழி வைத்திருந்தால் அறைக்குள் போகவே கூடாது. அழுத்தம் ஏறும்போது குமிழி சுருங்கும், அந்த இடத்தைத் திரவம் நிரப்பும், பிறகு அழுத்தம் இறங்கும்போது குமிழி விரிந்து கண் அழுத்தம் பயங்கரமாக ஏறும், மிச்சமிருக்கும் பார்வையும் அந்த ஒரு தடவையில் போய்விடலாம். சில வாயுக்கள் கண்ணுக்குள் ஒன்றரை, இரண்டு மாதம்வரை இருக்கும். இரண்டு, கண் அழுத்தத்துக்காக அசிட்டசோலமைடு மாத்திரை, டையமாக்ஸ் என்று பலருக்குத் தெரியும், அதைச் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் அதிகமாகும்போது மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தங்களைக் காத்துக்கொள்கின்றன. இந்த மருந்து அவற்றை விரித்துவிடுவதால் வலிப்பு அபாயம் கூடலாம் என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு பயமும் சிலருக்கு இருக்கிறது: அறையின் அழுத்தம் கண்ணை அமுக்கிக் கண் அழுத்தம் ஏறிவிடாதா? ஏறாது. கண் முழுக்கத் திரவம், வெளியே ஏறும் அழுத்தம் உள்ளேயும் சமமாகப் பரவிவிடும். வாயு இருக்கும் இடத்தில்தான் வம்பு.

அப்படியானால் நம் கையில் என்ன இருக்கிறது? கண் அழுத்தத்தைக் குறைப்பது. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று தெரியும், ஆனால் இதன் பின்னால் இருக்கும் ஆய்வுகள் எனக்கு உண்மையிலேயே தெம்பு தருகின்றன. அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் பாதரசம் குறைந்தால் நோய் முற்றும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று ஸ்வீடனில் நடந்த நீண்ட ஆய்வு காட்டியது. அழுத்தம் நார்மலாக இருந்தும் நரம்பு தேய்கிறவர்களுக்குக்கூட அதை இன்னும் 30 சதவீதம் குறைத்தால் பலன் உண்டு என்று 1998-இல் தெரிந்தது. 2015-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு: பாதிப் பேருக்கு லட்டனோப்ராஸ்ட் சொட்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருடத்தில் வெறும் சொட்டு போட்டவர்களில் 25.6 சதவீதம் பேருக்கு ஃபீல்ட் மோசமானது, மருந்து போட்டவர்களில் 15.2 சதவீதம் பேருக்கு. 2019-இல் வந்த இன்னோர் ஆய்வில் முதலிலேயே எஸ்.எல்.டி. லேசர் (கண்ணின் வடிகாலைச் சீராக்கி அழுத்தத்தைக் குறைக்கும் லேசர் சிகிச்சை) செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேருக்கு மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. ஆக்சிஜன் அறைக்கு இந்த மாதிரி ஓர் ஆய்வைக் காட்டட்டும், முதல் ஆளாக நானே போய் நிற்பேன். நரம்பைக் காக்கும் மருந்து என்று பெரிய நம்பிக்கையோடு வந்த மெமன்டைன் இதே மாதிரிச் சோதனையில்தான் தோற்றது, 2018-இல் அந்த முடிவை வெளிப்படையாக வெளியிட்டார்கள். தோற்றதைத் தோற்றது என்று சொல்லும் துறையை நம்பலாம்.

அண்ணன் விஷயத்தில் நான் பயந்தது அறையைப் பார்த்து அல்ல. பேச்சுவாக்கில் அவர் "அங்க போறப்ப சொட்டு மருந்தை நிறுத்திக்கலாம்ல?" என்று கேட்டார், அதுதான் தூக்கிவாரிப் போட்டது. க்ளாகோமாவில் மருந்தை விட்டால் வலிக்காது, சிவக்காது, நாளைக்குக் காலையில் எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். ஃபீல்ட் டெஸ்டில் குறை தெரிய ஆரம்பிக்கும்போது கால்வாசிக்கு மேல் கேங்கிலியன் செல்கள் போயிருக்கும். சொட்டு போடுவதிலும் ஒரு சின்ன விஷயம்: போட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்தில் கண்ணின் உள்மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் மருந்து தொண்டைக்கு ஓடாமல் கண்ணில் நிற்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். பலருக்கு இதை யாரும் சொல்லித் தந்ததே இல்லை.

நரம்புக்கு ரத்தமும் ஆக்சிஜனும் போகிறதா என்ற கவலை இருந்தால், அதற்கும் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா? தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கும் க்ளாகோமாவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ரத்த அழுத்த மாத்திரையை ராத்திரி சாப்பிடுகிறீர்களா? தூங்கும்போது ரத்த அழுத்தம் தானாகவே இறங்கும், அதற்கு மேல் மாத்திரையும் சேர்ந்து இறக்கினால் நரம்புக்குப் போகும் ரத்தம் குறையலாம். குறிப்பாக நார்மல் டென்ஷன் வகைக்காரர்கள், மாத்திரையை நீங்களாக மாற்றாமல், கண் டாக்டரையும் இதய டாக்டரையும் ஒருவருக்கொருவர் பேச வையுங்கள்.

அண்ணன் போகவில்லை. ஆனால் இதைப் படித்த பிறகும் சிலர் போவார்கள் என்று தெரியும், பார்வை மங்கிக்கொண்டே வரும்போது சும்மா இருக்க முடியாமல் எதையாவது செய்யத் தோன்றும் தவிப்பு எனக்கும் உண்டு. போவதானால் முதலில் உங்கள் கண் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் காதுப் பரிசோதனையும் செய்யாமல் உள்ளே அனுப்பும் இடத்துக்குப் போகாதீர்கள். கண்ணில் குமிழி இருக்கிறதா, என்னென்ன மாத்திரை என்பதை எழுதியே கொடுங்கள். சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள். போவதற்கு முன் இரண்டு ஃபீல்ட் டெஸ்டாவது எடுத்திருக்க வேண்டும், முடிந்த பிறகு எடுக்கும் டெஸ்டுக்கு முன்னால் கண்ணாடிப் பவரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள், பழைய பவரில் எடுத்தால் அந்தத் தாள் எதற்கும் உதவாது. கடைசித் தடவை போய்வந்து இரண்டு மூன்று மாதம் ஆகும்வரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம், அதற்குள் பவர் மறுபடி மாறிவிடும்.